ஃபைபர் பேனலைத் திருப்பிப் பாருங்கள்

யாராவது ஒரு ஃபைபர் பானெட்டையோ மட்கார்டையோ பட்டறைக்குக் கொண்டுவந்தால், நான் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் வைப்பேன். பெயின்ட் எப்படி இருக்கிறது, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சில் கீறல் உண்டா என்பதெல்லாம் பிறகு. உட்புறத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும். மேட் என்ற கண்ணாடி நார் விரிப்பைப் போட்டவர் ரோலரைப் பொறுமையாக உருட்டினாரா, நாரைப் பிடித்து இறுகும் ரெசின் பிசினைக் கொட்டிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினாரா, அந்த வண்டி எத்தனை மழையைப் பார்த்திருக்கிறது என்பது வரை அது சொல்லிவிடும்.

கிருஷ்ணகிரியில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் பட்டறை இருக்கிறது. பஸ்ஸின் முன்முகம், லாரி கேபினுக்கு மேல் வைக்கும் வைசர், மாங்கூழ் ஆலைகளின் தொட்டி மூடிகள், ஊர்த் திருவிழாக்களுக்கான சிலைகள் என்று வருடம் முழுக்க ஃபைபர் வேலை ஓடும். கார் பேனல் எப்போதாவதுதான் வரும். ஆனால் அது வரும்போதெல்லாம் ஒரே கேள்வி கூடவே வருகிறது: உட்புறத்தை என்ன செய்வது? அதற்கு இரண்டு விதமான பதில்களைத்தான் மற்ற இடங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். ஒன்று, யார் பார்க்கப்போகிறார்கள், அப்படியே விடுங்கள் என்பது. மற்றொன்று, ரெசினைக் கெட்டியாக ஊற்றிப் பட்டி போட்டு வழவழப்பாக்கித் தருகிறோம் என்பது. இரண்டுமே பேனலைக் கெடுக்கும் என்பது என் உறுதியான கருத்து. உட்புறத்தை மூட வேண்டும், கனமாக்கக் கூடாது. இந்தப் பதிவு முழுவதும் அதைப் பற்றித்தான்.

தர்மபுரியிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் சிப்பானி டால்ஃபின் காரின் பானெட்டையும் முன் மட்கார்டுகளையும் ஒரு சிறிய டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். இளைய வாசகர்களுக்கு அந்தக் காரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இங்கிலாந்தின் ரிலையன்ட் நிறுவனம் தயாரித்த கிட்டன் என்ற சின்னக் காரை அடிப்படையாகக் கொண்டு, பெங்களூரில் சிப்பானி ஆட்டோமொபைல்ஸ் 1982 முதல் தயாரித்த கார் அது. 848 சிசி எஞ்சின், இரும்புச் சட்டகம், அதன்மேல் முழுக்க ஃபைபர் உடம்பு. துருப்பிடிக்காத கார் என்பதால் சாருக்கு அதன்மேல் அப்படி ஒரு பிரியம். துரு பிடிக்காது என்பது உண்மை. அதற்காக ஃபைபர் எதையும் தாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

பானெட்டைக் கவிழ்த்தபோது உட்புறம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. எஞ்சின் எண்ணெயும் தூசியும் சேர்ந்து மேட்டின் இழைகளுக்குள் ஊறியிருந்தன. சில இடங்களில் இழைகள் முள்முள்ளாக எழுந்து நின்றன. கீல் பொருத்தும் இடத்தில் போல்ட் துளையைச் சுற்றி ரெசின் உதிர்ந்து, வெறும் கண்ணாடி நார் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. “இதையும் வெளிப்புறம் மாதிரியே பளபளவென்று ஆக்கிக் கொடுங்கள் அம்மா, எவ்வளவு ரெசின் ஆனாலும் பரவாயில்லை” என்றார் சார். அதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஏன் என்று விளக்க ஆரம்பித்தேன்.

கையால் மேட் போட்டுச் செய்யும் பேனலுக்கு ஒரு பக்கம்தான் அச்சு. அச்சில் முதலில் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் பூசி, அதன்மேல் மேட்டும் ரெசினுமாக அடுக்குகிறோம். அச்சைத் தொட்ட பக்கம் அச்சின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொள்ளும். காற்றைப் பார்த்த பக்கம் மேட்டின் சொரசொரப்போடு நின்றுவிடும். இரண்டு பக்கமும் வழவழப்பாக வர வேண்டுமென்றால், பெரிய தொழிற்சாலைகளில் இருப்பதுபோல ஆண் அச்சு, பெண் அச்சு இரண்டையும் வைத்து நடுவில் அழுத்திச் செய்ய வேண்டும். ஃபைபர் உடம்போடு தொடர் உற்பத்திக்கு வந்து புகழ்பெற்ற செவ்ரலே கார்வெட்கூட 1953இல் கைவேலையாகத்தான் தொடங்கியது. ஆகவே உட்புறம் சொரசொரப்பாக இருப்பது குறை அல்ல. அந்த முறையின் இயல்பு. அதைச் சமதளமாக்க நினைக்கும்போதுதான் தொல்லை வருகிறது.

கணக்கைப் பாருங்கள். 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டர் போட்டால், அதை நனைக்க ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும் ரெசின் போதும். இறுகிய பிறகு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் கிடைக்கும். எடையில் நார் மூன்று பங்கு, ரெசின் ஏழு பங்கு. பேனலுக்குப் பலம் தருவது நார். ரெசின் அந்த நாரைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மேட்டின் மேடுபள்ளத்தை நிரப்ப மேலே வெறும் ரெசினை ஊற்றினால் நார் இல்லாத ஓர் ஓடு உருவாகிறது. கார் ஓடும்போது பானெட் இலேசாக வளைந்து நிமிரும். அந்த ஓட்டால் வளைய முடியாது, விரிசல் விடும். பட்டி இன்னும் மோசம். வெளிப்புறத்தில் ஒரு பள்ளத்தை நிரப்ப அது நல்ல பொருள். உட்புறம் முழுக்க அதை இழுத்தால், கிலோக்கணக்கில் கனம் ஏறி, ஒருநாள் தகடு தகடாகக் கழன்று எஞ்சின் மேல் விழும். கீலும் அந்தக் கனத்தைச் சுமக்க வேண்டும்.

அப்படியே விட்டுவிட்டால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். ரெசின் மூடாத நாரின் முனைகள் ஈரத்தை உள்ளே இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்கார்டின் உட்புறம் நாள் முழுக்க ஈரச் சேற்றைச் சுமந்துகொண்டிருக்கும். அந்த ஈரம் நாரின் வழியாகவே ஊர்ந்து பேனலுக்குள் போகும். பின்னொரு நாள் வெளிப்புறத்துக்கு நல்ல பெயின்ட் அடித்து, பூத்தில் வைத்துச் சூடாக்கும்போது, உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும். பெயின்ட்டில் கொப்புளமும் ஊசித் துளையும் வரும். பெயின்டர் தன் கம்ப்ரஸரைச் சந்தேகிப்பார், தின்னரைச் சந்தேகிப்பார். பேனலின் பின்புறத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். நல்ல பெயின்டர்களின் பெயர் இப்படித்தான் கெட்டுப்போகிறது.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் கல் உடைக்கும் ஊர். குவாரியிலிருந்தும் கிரஷரிலிருந்தும் ஜல்லி ஏற்றிய லாரிகள் போகாத சாலை இங்கே இல்லை. கீழே சிதறிய சில்லுகளைச் சக்கரம் வாரி எடுத்து மட்கார்டின் உட்புறத்தில் அடிக்கும். வெளிப்புற ஜெல்கோட்டில் நட்சத்திரம்போல விரியும் கீறலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு புள்ளியிலிருந்து ஆறேழு கோடுகள் கிளம்பும். யாரோ வெளியிலிருந்து இடித்துவிட்டார்கள் என்று வண்டிக்காரர் நினைப்பார். பெரும்பாலும் அடி விழுந்தது உள்ளிருந்துதான். உள்ளே கல் பட்டதும் பேனல் அந்த இடத்தில் வெளிப்பக்கமாகப் பிதுங்குகிறது. வெளியே இருக்கும் ஜெல்கோட் இழுபடுகிறது. ஜெல்கோட்டில் நார் கிடையாது, கடினமானது, இழுவையைத் தாங்காது. பிளந்துவிடும். சாரின் இடது மட்கார்டில் இப்படி ஒரு நட்சத்திரம் இருந்தது. விரலை உள்ளே விட்டு அதே இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். மேட்டில் ஒரு சிறு குழியும், அதைச் சுற்றி வெளுத்த வட்டமும் அவர் விரலுக்கே தட்டுப்பட்டன. அதன் பிறகு அவர் பளபளப்பைப் பற்றிப் பேசவில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

பழைய பேனலில் முதல் எதிரி எண்ணெய். பலர் கிரைண்டரைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் எண்ணெய் சூடாகி, புதிதாக விழும் கீறல்களுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். ஆகவே முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசரை வெந்நீரில் கலந்து, நைலான் பிரஷ்ஷால் மேட்டின் பள்ளங்களுக்குள் போகும்படி தேய்ப்போம். கம்பி பிரஷ் வேண்டாம், அது நாரைப் பிய்க்கும். வாகனம் கழுவும் பிரஷர் பம்ப்பும் வேண்டாம். திறந்து கிடக்கும் நாருக்குள் அது தண்ணீரை ஏற்றிவிடும். நன்றாக அலசி, வெயிலில் சாய்த்துவைத்துச் சில நாள் உலரவிட வேண்டும். பிறகு அசிட்டோனைச் சுத்தமான துணியில் தொட்டு ஒரே திசையில் துடைத்து, துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே துணியை வைத்து முன்னும் பின்னும் தேய்த்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர நீங்காது.

சுத்தமாகிவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. தேய்த்து முடித்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். மெல்லிய படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. சாரின் பானெட்டில் கார்புரேட்டருக்கு நேர்மேலே இருந்த ஒரு பகுதி நெடுநேரம் பிடிவாதமாகத் திரட்டிக்கொண்டே இருந்தது. எத்தனை முறை ஆனாலும் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. எண்ணெய் மேல் பூசியது எதுவும் நிற்காது.

தேய்ப்பதற்கு 80 எண் உப்புத்தாள். எழுந்து நிற்கும் முள்ளைச் சீவ வேண்டும், பளபளப்பு இருக்கும் இடங்களில் அதை மங்கச் செய்ய வேண்டும், அவ்வளவே. மேடு பள்ளம் சமமாகும்வரை தேய்க்கிறேன் என்று டிஸ்க்கை ஓட்டிக்கொண்டே போனால் நார் அறுபடும். கார் பேனல் மொத்தமே இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். அதில் அரை மில்லிமீட்டரை அழகுக்காகத் தேய்த்துப் போக்குவது பலத்தைத் தேய்த்துப் போக்குவதுதான். முடிந்த இடங்களில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது, தூசி பறக்காது. அதன் பிறகு மறுபடியும் உலர விட வேண்டும்.

உதிர்ந்த இடங்களுக்கும் கல் பட்ட இடங்களுக்கும் புதிய மேட் போட வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரியாமல் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். எபாக்சி என்ற வேறு வகை ரெசின் நன்றாக ஒட்டும் என்று கேள்விப்பட்டு, சாதாரண மேட்டை எபாக்சியில் நனைக்கிறார்கள். மேட்டில் இருக்கும் துண்டு நார்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் பசை, நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகவே செய்யப்பட்டது. எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. பசை கரையாது, மேட் வளைவுக்குப் படியாது, உள்ளே காற்று நிற்கும். எபாக்சி வேண்டுமென்றால் நெய்த கண்ணாடித் துணியைப் பயன்படுத்துங்கள். எபாக்சியால் ஒட்டுப்போட்ட இடத்தின் மேல் பிறகு டாப்கோட் என்ற பாலியஸ்டர் கடைசிப் பூச்சைப் பூசினால் அது சரியாக இறுகாமல் போகவும் வாய்ப்பு உண்டு. எந்த வழியில் தொடங்குகிறோமோ அந்த வழியிலேயே முடிப்பது நல்லது.

ஒட்டு எதுவானாலும் மெல்லியதாக, ஓர் அடுக்கு இறுகிச் சூடு ஆறிய பிறகு அடுத்த அடுக்காகப் போட வேண்டும். பாலியஸ்டர் இறுகும்போது சுருங்கும். தடிமனாக ஒரே வீச்சில் போட்டால் சூடும் அதிகம், சுருக்கமும் அதிகம். அந்த இழுவை வெளிப்புறத்தில் மேட்டின் வடிவமாகவே தெரியும். பானெட் விறைப்பாக இருக்க வேண்டும் என்று உட்புறத்தில் பட்டையாக ஒரு ரிப் கட்டுகிறார்கள் அல்லவா, அதுவும் அப்படித்தான். வெளியே நல்ல கறுப்புப் பெயின்ட் அடித்து மாலை வெயிலில் பார்த்தால், ரிப் இருக்கும் இடம் கோடு கிழித்ததுபோலத் தெரியும். ரிப்புக்குள் இலகுவான ஃபோம் பட்டை வைத்து, அதன் ஓரங்களைக் கூர்மையாக விடாமல் சரிவாக்கி, மேல் மேட்டை இருபுறமும் படிப்படியாக நீட்டி முடித்தால் அந்தக் கோடு வராது.

அடுத்தது டாப்கோட். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

சாதாரண ரெசினைத் திறந்தவெளியில் பூசினால் உள்ளே கல்லாக இறுகினாலும் மேற்பரப்பு மட்டும் நாள்கணக்கில் பிசுபிசுவென்று இருக்கும். ரெசினை இறுக வைக்கக் கலக்கும் கேடலிஸ்ட் குறைந்துவிட்டது என்று நினைத்து அடுத்த முறை அள்ளி ஊற்றுவார்கள். காரணம் அது அல்ல. காற்றில் இருக்கும் ஆக்சிஜன், மேற்பரப்பில் நடக்க வேண்டிய இறுகும் வினையைத் தடுத்துவிடுகிறது. அடுக்கு மேல் அடுக்கு போடும்போது இந்தப் பிசுபிசுப்பு நமக்கு உதவி. அடுத்த அடுக்கு நன்றாகப் பிடிக்கும். கடைசிப் பூச்சில்தான் அது தொல்லை. அதற்குத்தான் மெழுகு. பாரஃபின் மெழுகை ஸ்டைரீனில் கரைத்த கரைசலை ஜெல்கோட்டில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரை கலக்க வேண்டும். சரியான அளவு வாங்கும் டப்பாவிலேயே இருக்கும். பூசிய பிறகு மெழுகு மெல்ல மேலே எழுந்து, பாலின் மேல் ஆடை படர்வதுபோல ஒரு படலமாக நிற்கும். காற்று உள்ளே போகாது. பூச்சு மேல்வரை முழுமையாக இறுகும். கடையில் தயாராகக் கிடைக்கும் டாப்கோட் என்பதும் மெழுகு கலந்த ஜெல்கோட்தான்.

பக்கவாட்டில் சாய்ந்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் படலம் வருவது தெரியும். பூசியவுடன் ஈரப் பளபளப்பு இருக்கும். கட்டிப்படத் தொடங்கும்போது பளபளப்பின் மேல் ஓர் ஓரத்திலிருந்து மங்கல் புகுந்து பரவும். அந்த நேரத்தில் கை பரபரக்கும். ஒரு பிரஷ் தடம் கண்ணில் படும், இழுத்துச் சரிசெய்யலாம் என்று தோன்றும். தொடவே கூடாது. எங்கள் பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளும் பர்கூர்த் தம்பி, “அக்கா, ஒரே ஒரு இழுப்பு” என்பான். அந்த ஓர் இழுப்பில் படலம் கிழிந்து, அந்தத் தடம் மட்டும் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஒரு திசையில் பூசி, குறுக்கே ஒருமுறை இழுத்து, பிரஷ்ஷை வைத்துவிட வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு அரைக் கிலோவுக்கு மேல் தேவைப்படாது. மேட்டின் வடிவம் இலேசாகத் தெரியட்டும். அதுதான் சரியான தடிமன்.

வெயிலும் இதில் விளையாடும். பங்குனி, சித்திரையில் கிருஷ்ணகிரித் தகரக் கூரைக்குக் கீழே மதியம் டாப்கோட் பூசினால், மேற்பரப்பின் சூட்டில் மெழுகு படலமாக உறையாமல் கரைந்தே கிடக்கும். ஆகவே கோடையில் இந்த வேலை எங்களுக்கு விடியற்காலை வேலை. பேனலையும் முந்தைய இரவே நிழலில் வைத்துவிடுவோம். ஓசூர் மேட்டு நிலம், அங்கே நாள் முழுக்க வேலை செய்ய முடியும். மார்கழிக் குளிரில் தொல்லை தலைகீழாக வரும். மெழுகுக் கரைசல் பாட்டிலுக்குள்ளேயே வெள்ளையாகத் திரிந்து நிற்கும். அப்போது பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கரைய விட வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது, ஸ்டைரீன் தீப்பற்றும். மின்விசிறியை ஈரப் பூச்சின் மேல் திருப்புவதும் தவறு. ஸ்டைரீன் பறந்துவிட்டால் பூச்சு அரைகுறையாக இறுகும்.

கேடலிஸ்ட் அளவு நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு. வெயில் காலத்தில் ஒன்றுக்கு அருகில், குளிர் காலத்தில் இரண்டுக்கு அருகில். ஒன்றுக்குக் கீழே போனால் எவ்வளவு நாள் வைத்தாலும் முழுதாக இறுகாது. கண்ணளவு வேண்டாம். எடை பார்க்கும் சிறு தராசும் ஊசி இல்லாத சிரிஞ்சும் எந்தப் பட்டறைக்கும் எட்டாத செலவு அல்ல.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். பலரும் உட்புறத்துக்குக் கறுப்பு கேட்கிறார்கள், அழுக்குத் தெரியாது என்பதற்காக. அழுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நான் வெளிர் சாம்பல் நிறத்தைப் பரிந்துரைக்கிறேன். எண்ணெய் கசிந்தால், கல் பட்டு விரிசல் விட்டால், சாம்பலில் உடனே தெரியும். கறுப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சாரும் சாம்பலுக்கே ஒப்புக்கொண்டார்.

ஆனால் அவருடைய பானெட்டுக்கு டாப்கோட் நான் பூசவில்லை. எண்ணெய் நெடுங்காலம் ஊறிய பேனலில், என்னதான் சுத்தம் செய்தாலும், பாலியஸ்டரைவிட எபாக்சி பிரைமர் பிடிப்பாக ஒட்டும். ஆகவே பானெட்டுக்கு இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமரும் அதன்மேல் சாம்பல் நிறப் பெயின்ட்டும். எண்ணெய் படாத மட்கார்டுகளுக்கு டாப்கோட். மட்கார்டின் சக்கரம் பார்க்கும் பகுதியில் கூடுதலாக ஓர் அடுக்கு மேட் போட்டு, டாப்கோட் இறுகிய பிறகு அதன் மெழுகை அசிட்டோனால் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, காரின் அடிப்பகுதிக்குப் பூசும் ரப்பர் கலந்த அண்டர்கோட்டைத் தடிமனாகப் பூசினோம். மெழுகைத் துடைக்காமல் எதைப் பூசினாலும் உரிந்துவிடும். ரப்பர் பூச்சு கல்லின் அடியை வாங்கிக்கொள்ளும். ஜல்லி லாரிக்குப் பின்னால் போகிறவர்கள் இந்த ஒரு பூச்சுக்காவது செலவு செய்ய வேண்டும்.

புதிய பேனல் செய்பவர்களுக்கு என் வேண்டுகோள் வேறு. உட்புற வேலையை மேட் போடும்போதே தொடங்கிவிடுங்கள். கடைசி மேட் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் மெல்லிய டிஷ்யூ மேட்டைப் பரப்பி ரோலரை மென்மையாக உருட்டினால், முரட்டு நார்கள் அடங்கிவிடும். பிறகு தேய்க்க வேண்டிய முள்ளே இருக்காது. ஓரங்களை, ரெசின் கட்டிப்பட்டு இன்னும் கல்லாகாத பதத்தில் கூர்மையான கத்தியால் வெட்டிவிடலாம். தூசியும் இல்லை, கிரைண்டரும் வேண்டாம். அந்தப் பதம் தவறினால் மறுநாள் அதே ஓரத்துக்கு முகக்கவசமும் டிஸ்க்கும் தேவைப்படும். சின்ன இடங்களில், கண்ணாடிபோன்ற பாலியஸ்டர் தாளை ஈர ரெசின் மேல் ஒட்டிக் காற்றை வெளியே தள்ளி இறுக விடுவதும் உண்டு. காற்றுப் படாததால் மெழுகு இல்லாமலே இறுகும், வழவழப்பாகவும் இருக்கும்.

பாதுகாப்பைச் சொல்லாமல் இந்தப் பதிவை விட முடியாது. கேடலிஸ்ட்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றொன்று. கேடலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு கண் மருத்துவரிடம் ஓடுங்கள். தூசிக்குப் போடும் துணி முகக்கவசம் ஸ்டைரீன் வாடையைத் தடுக்காது. அதற்கு வாடையை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த கவசம் வேண்டும். பானெட்டின் உட்புறத்தைத் தேய்க்கிறவர் அதற்குள் தலையை விட்டுத்தான் வேலை செய்கிறார். தூசி அவர் முகத்தில்தான் விழுகிறது. வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் வாங்கித் தருவது பட்டறை நடத்துபவரின் கடமை. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் பொருள் அல்ல இது.

கடைசியாக ஓரங்களும் துளைகளும். பேனலை வெட்டிய ஓரத்தில் எல்லா நார் முனைகளும் திறந்தே இருக்கும். பரப்பு முழுக்க மூடிவிட்டு ஓரத்தை விட்டால் ஈரம் அங்கிருந்து நுழையும். சிறு பிரஷ்ஷால் ஓரம் முழுக்க ரெசின் தொட்டு வாருங்கள். போல்ட் துளைக்குள்ளும் அப்படியே. இறுகிய பின், துளையைவிடப் பெரிய அகல வாஷரை உட்புறத்தில் வைத்து முறுக்குங்கள். சாதாரண வாஷர் நாரை நசுக்கி உதிர்த்துவிடும். சாரின் கீல் இடத்தில் நடந்ததும் அதுதான்.

எஞ்சின் சூடு படும் இடத்தில் அலுமினியத் தகடு ஒட்டிய சூட்டுத் தடுப்பு விரிப்பையும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். சாதாரண பாலியஸ்டர் 70 டிகிரிக்குப் பக்கத்திலேயே விறைப்பை இழக்கத் தொடங்கும். வெயிலில் நெரிசலில் நிற்கும் காரின் பானெட்டுக்கு அது தொலைவான சூடு அல்ல. ஆனால் பூச்சு முடிந்த மறுநாளே அந்த விரிப்பை ஒட்டக் கூடாது. கைக்கு உலர்ந்ததுபோலத் தெரிந்தாலும், உள்ளே இறுகுவது இன்னும் பல நாள் நடந்துகொண்டே இருக்கும். மூடிவிட்டால் வாடை உள்ளேயே தங்கும், பசையும் பிடிக்காது. ஒரு வாரமாவது பானெட்டைச் சுவரில் சாய்த்து, உட்புறம் காற்றைப் பார்க்கும்படி வைத்திருங்கள். சாரின் பானெட் இப்போது அப்படித்தான் நிற்கிறது. அடுத்து இரண்டு கதவுகளையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அவற்றை வீட்டில் கழுவாமல் அப்படியே எடுத்துவரும்படி கேட்டிருக்கிறேன்.